நான் கோட்டு தைத்துக் கொடுத்த மூன்று கிடார்காரர்கள்

அன்பு மகன் செல்லத்துரைக்கு, தாராவியிலிருந்து அப்பா எழுதுவது.

சுகமாய் இருக்கிறேன் என்று தொடங்குவதுதான் வழக்கம். உடம்பு சுகம். அதற்கு மேல் கேட்காதே. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கல்கத்தா ஓட்டலில் வேலை முடிகிறது, பேண்டு மாஸ்டர் ஆள் சேர்த்துக்கொண்டு லண்டன் போகிற கப்பலில் வாசிக்கப் போகிறார், ஒப்பந்தம் இரண்டு வருஷம், கப்பல் பம்பாயிலிருந்துதான் கிளம்புகிறது என்று எழுதியிருந்தாய். அதுவரை சந்தோஷமாய்ப் படித்தேன். அதற்குப் பிறகுதான் விஷயத்தை வைத்திருந்தாய். ரயிலை விட்டு இறங்கி நேரே வீட்டுக்கு வருவாயாம். கப்பல் மறுநாள்தானாம். அம்மா போனபிறகு நான் தனியாய்க் கிடக்கிறேனாம், அதனால் என் முகத்தைப் பார்த்து முடிவு பண்ணுவாயாம். இரு என்று நான் சொன்னால் கிடாரை விற்றுவிட்டுக் கடையில் உட்கார்ந்துவிடுவாயாம். நல்ல ஆளப்பா நீ! இருபத்து நாலு வயதுப் பிள்ளையின் முடிவைக் கிழவன் முகத்தில் தேடுவாயா? என் முகத்தில் மூக்குக் கண்ணாடியும் முள்தாடியும்தான் இருக்கிறது.

பதில் எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது. உட்கார்ந்தால் பதில் வரவில்லை, கிடார்காரர்கள்தான் ஒருவர் பின் ஒருவராய் ஞாபகத்துக்கு வருகிறார்கள். சரி, அவர்களைப் பற்றியே எழுதுவோம், எழுதி முடிக்கும்போது பதில் தானாய் வந்து நிற்கும் என்று பேனாவை எடுத்தேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. கோயிலில் ஞாயிறு ஆராதனையில் கீர்த்தனை பாடும்போதுகூட உன் அம்மா என் விலாவில் இடித்து, "நீங்க வாயை மட்டும் அசைங்க, போதும்" என்பாள். ஆனால் ஒரு கிடார்காரனுடைய கோட்டின் கையைப் பார்த்தால் அவன் எப்பேர்ப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். கிடாரின் விளிம்பில் வலது முழங்கை ஊன்றுகிற இடத்தில் துணி தேயும். முரட்டு ஆள் என்றால் ஒரே மழைக்காலத்தில் இழை தெரியும். தோளிலிருந்து வீசுகிறவனுக்கு அக்குள் தையல் விடும். இதையெல்லாம் நீ வீட்டில் இருந்தபோது கேட்டுச் சிரித்திருக்கிறாய். இப்போது கப்பலில் ஏறுவதா வேண்டாமா என்று நிற்கிறவன், கொஞ்சம் பொறுமையாய்க் கேள்.

முதல் ஆள் உனக்குக் கிடார் சொல்லிக்கொடுத்த பாஸ்கோல். அவன் முதன்முதலில் கடைக்கு வந்தது சண்டைக் காலம். துணிக்கு ரேஷன் இருந்தது, ஓட்டல்களிலோ பட்டாளத்துக்காரர்கள் கூட்டம் தாங்கவில்லை. ஊரிலிருந்த பேண்டுகளுக்கெல்லாம் வெள்ளைக் கோட்டு வேண்டியிருந்தது. பாஸ்கோல் கோவாக்காரன், என்னைவிட ஒல்லி, பேசுவதற்குக் கூலி கேட்கிறவன்போல் வார்த்தையை எண்ணிப் பேசுவான். அவனை நிற்க வைத்து அளந்து, என் தொழில் கர்வம் முழுவதையும் கொட்டி ஒரு கோட்டு தைத்தேன். கண்ணாடி முன்னால் நின்றான், துளி சுருக்கம் இல்லை. எடுத்துக்கொண்டு போனவன் மறுநாளே திரும்பி வந்து கோட்டை என் மேஜைமேல் போட்டான். "மாஸ்டர், கடா ரஹ்னே கேலியே பஹுத் அச்சா கோட். லேகின் மேன் பைட்கே பஜாத்தா!" நிற்பதற்கு நல்ல கோட்டு, நான் உட்கார்ந்தல்லவா வாசிக்கிறேன் என்கிறான். சந்தேகமாய் இருந்தால் பாரும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கிடாரை அணைத்தான். கோட்டின் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டது. இடது கை பாதி வழியில் மாட்டிக்கொண்டது. முன்பக்கப் பொத்தான் மூன்றும் கிடாரின் முதுகைக் கீறியிருந்தன. மாப்பிள்ளைகளுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் தைத்தே பழகிப்போன புத்தி. கடைக்கு வருகிறவனை நிமிர்ந்து நில் என்றுதான் சொல்லத் தெரியும், உன் வேலை எதுவோ அதைச் செய்துகாட்டு என்று சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கு அவனை வாசிக்கச் சொல்லிவிட்டு அளந்தேன். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவனைச் சுற்றிச் சுற்றி வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நீயும் அம்மாவும் வாசலில் நின்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கை அசையவே இல்லை. மணிக்கட்டு மட்டும் மேலும் கீழும், நான் இயந்திரத்தை மிதிக்கிற மாதிரி ஒரே சீராய்ப் போய்க்கொண்டிருந்தது. நாலு நாலு அடியாய் விழுந்தது, ஒன்றுகூட முந்தவோ பிந்தவோ இல்லை. அவன் சட்டைக் கை தேயாதிருந்த காரணம் அப்போது புரிந்தது. ஆனாலும், செல்லத்துரை, உள்ளதைச் சொல்கிறேன், அது பாட்டு மாதிரி எனக்குத் தோன்றவில்லை. சக் சக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இதற்கா வெள்ளைக்காரன் சம்பளம் கொடுக்கிறான் என்று நினைத்தேன்.

புதுக் கோட்டைக் கொடுக்க ஒரு மாலை ஓட்டலுக்கே போனேன். பின்வாசல் வழியாய்த்தான். சமையற்கட்டுக்கும் நடன அறைக்கும் நடுவே ஆட்டக் கதவு ஒன்று இருக்கும், பட்லர்கள் டீத்தட்டோடு போய் வரும்போதெல்லாம் அது திறந்து மூடும். திறக்கிற நேரம் மட்டும் பேண்டு கேட்கும். ட்ரம்பெட்டும் பியானோவும் நன்றாய்க் கேட்டன. பாஸ்கோல் கையை ஆட்டிக்கொண்டிருப்பது தெரிந்ததே தவிர, அவன் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. பிறகு ஒரு கம்பி அறுந்தது போலிருக்கிறது. அவன் வாசிப்பை நிறுத்திக் கிடாரைக் குனிந்து பார்த்தான். மற்றவர்கள் நிறுத்தவில்லை. ஆனால் ஆடிக்கொண்டிருந்தவர்களின் காலில் ஏதோ தட்டுப்பட்ட மாதிரி ஒரு தடுமாற்றம். ஒரு அம்மாள் தன் துரையின் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள். ஏன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. பாஸ்கோல் மறுபடி வாசிக்கத் தொடங்கியதும் எல்லாக் காலும் சரியாய்ப் போயிற்று. அன்று முதல் எனக்குப் பிடித்த கிடார்காரன் அவன்தான். இருக்கும்போது கேட்காது, நின்றால் தெரியும். உன் அம்மாவைப் பற்றியும் இதையே சொல்லலாம். அதைச் சொல்லப் போவதில்லை, எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் வீணாகும்.

இந்த இடத்தில் ஒரு பார்சிக்காரர் காற்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். எழுந்து போய் வந்தேன். செல்லத்துரை, ஒரு விஷயம் சொல்லட்டுமா? இப்போதும் நான் அளவெடுக்கும்போது உரக்கத்தான் சொல்கிறேன். "இடுப்பு முப்பத்தாறு, நீளம் நாற்பது" என்று சொல்லிவிட்டு, அம்மா எழுதிக்கொண்டுவிட்டாள் என்கிற நினைப்பில் அடுத்த அளவுக்குப் போய்விடுகிறேன். எல்லாம் முடிந்த பிறகுதான் எழுதுவதற்கு ஆள் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. அதற்குள் எண்கள் மறந்துபோகும். மறுபடி அளக்க வேண்டும். பார்சிக்காரர் என்னைப் பாவமாய்ப் பார்த்தார். வயதாகிவிட்டது, மறதி என்று நினைத்திருப்பார். இருக்கட்டும்.

இரண்டாவது ஆள் நம்ம ராமநாத ஐயர். மாட்டுங்காவிலிருந்து டிராம் பிடித்து இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போகிற மனிதர். நெற்றியில் விபூதி, கையில் டிபன் டப்பா, மூக்கில் பொடி. இவர் கிடார் வாசிப்பார் என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டார்கள். சண்டை முடிந்து ஊர் திரும்பிய ஒரு அமெரிக்கச் சிப்பாய் தள்ளிவிட்டுப் போன கிடார் அது. ஹவாயன் கிடார் என்று மடியில் படுக்கப்போட்டு, இடது கையில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிமேல் வழுக்கவிட்டு வாசிப்பார். வீணை வாசிக்கிற குடும்பமாம். "கமகம் வராத வாத்தியம் வாத்தியமா மாஸ்டர்? உங்க பிள்ளையாண்டான் வாசிக்கறதுல கட்டை கட்டையா ஸ்வரம் நின்னுண்டிருக்கு. இது பாருங்கோ, வெண்ணெய் மாதிரி நழுவறது" என்று உன்னை எதிரே வைத்துக்கொண்டே சொல்வார். நீ சிரிப்பாய். தாதரில் ஒரு ஸ்டூடியோவில் அவருக்கு வாசிக்கச் சந்தர்ப்பம் வந்தபோது, அங்கே வேட்டியோடு போக முடியாது, வீட்டிலும் சொல்ல முடியாது என்று என்னிடம் கோட்டு தைத்துக்கொண்டார். கோட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு, போகும்போது மாற்றிக்கொண்டு, வரும்போது கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். அவர் மாமிக்கு அது ஆபீஸ் ஓவர்டைம்.

அவருக்குக் கோட்டின் கையைக் குட்டையாய் வெட்ட வேண்டியிருந்தது. கைமுனையிலுள்ள கஃப் கம்பியில் பட்டால் ஸ்வரம் செத்துப்போகும். அதைச் சரிபார்க்க அவர் வாசிக்க, நான் பக்கத்தில் குந்தியிருந்து கஃப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு அந்த இரும்பு போகும்போது, நடுவழியில் ஒரு கணம் தயங்கும். போகலாமா, திரும்பிவிடலாமா என்று கேட்கிற மாதிரி இருக்கும். அழுகிற மனுஷன் மூச்சை இழுத்து நிறுத்துவானே, அது. போய்ச் சேர்ந்த பிறகு வரும் ஸ்வரம் எல்லாராலும் வாசிக்கக்கூடியதுதான், அந்தத் தயக்கம்தான் ஐயருடைய சொத்து. இப்போதும் கிங்ஸ் சர்க்கிளில் ஈரானி கடை ரேடியோவில் ஏதாவது இந்திப் பாட்டு வரும்போது, நடுவே அந்தத் தயக்கம் வந்தால் கண்டுபிடித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் அங்கே போய் உட்காருகிறேன். ஒரு டீயை வைத்துக்கொண்டு விளக்குப் போடுகிற நேரம்வரை இருக்கிறேன். போன வாரம் கிடார் வருகிற இடத்தில் பேசிக்கொண்டிருந்த இரண்டு காலேஜ் பையன்களை, "சுப் ரஹோ!" என்று அதட்டிவிட்டேன். ஈரானி கல்லாவிலிருந்து எழுந்து பார்த்தார். ரேடியோவில் வாசித்தது ஐயரும் இல்லை, நீயும் இல்லை, யாரோ ஒருவன். ஆனால் கிடார் என்றால் எனக்கு முதலில் நீதான் என்று தோன்றிவிடுகிறது, என்ன பண்ணுவது?

மூன்றாவது ஆள் நீ. உன்னைப் புகழ்ந்து எனக்குப் பழக்கமில்லை. நீ நன்றாய் வாசித்தாய் என்று பாஸ்கோல் சொன்னால்கூட, "விரல் இருக்கு, வாசிக்கான், என்ன பெரிய காரியம்?" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதனால் இதைக் காகிதத்தில் எழுதுவதே எனக்குச் சௌகரியம். உன் வாசிப்பில் என்ன விசேஷம் என்று நான் தெரிந்துகொண்டது மாட்டுங்காவில் அந்தக் கல்யாண ரிசப்ஷனில். ஐயருக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு சூட் தைத்தது நான். ஐயர் ஹவாயன் வாசிக்க, பக்கத்தில் நீ ஸ்பானிஷ் கிடாரில், ஸ்வரங்களைச் சேர்த்து அடிப்பாயே, அந்தக் கார்டு போட்டாய். பெண்ணுக்குப் பெரியப்பா ஒருவர், சங்கீதம் என்றால் உயிர், முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து, "சுருதி இல்லாம என்ன கச்சேரி?" என்று உள்ளேயிருந்து சுருதிப்பெட்டியைக் கொண்டுவரச் செய்து, உங்கள் இருவருக்கும் நடுவே தானே உட்கார்ந்து துருத்தியை அமுக்க ஆரம்பித்துவிட்டார். பெரிய மனுஷர், ஐயரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அந்த வீட்டு மனிதர்களுக்கு எந்தப் பாட்டுக்கும் அடியில் ஒரே ஸ்வரம் கடைசிவரை நின்றாக வேண்டும். உங்கள் பாஸ்கோல் வழியிலோ அடி ஸ்வரமே இடம் மாறும், போய்விட்டுத் திரும்பும், அதுதான் அழகே. நீ கார்டை மாற்றினாய், பெட்டி மாறவில்லை. காதில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. சபை முழுவதும் உன்னைப் பார்த்தது. பெரியப்பா துருத்தியை விடாமலே, "ஏன்டா அம்பி, சுருதி சேரலையே. காதைக் கொஞ்சம் தீட்டிக்கோ!" என்றார். நான் தைத்த சூட்டை மாப்பிள்ளை மேலிருந்து கழற்றிக்கொண்டு போய்விடலாமா என்றிருந்தது. நீ அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாய். பிறகு பெட்டியின் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டாய். அதற்குப் பிறகு நீ வாசித்தது உனக்கே ஞாபகம் இருக்குமோ என்னவோ. பெட்டியோடு மோதுகிற கம்பியையெல்லாம் விட்டுவிட்டாய். ஆறு கம்பியில் இரண்டு, மூன்று மட்டும் தொட்டாய். எந்தக் கார்டு அந்த ஒற்றை ஸ்வரத்தோடு சமாதானமாய் இருக்குமோ அதை மட்டும் தேடித் தேடி வைத்தாய். பெட்டி குறுக்கே வந்ததாகத் தெரியவில்லை, நீயே கேட்டு வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. ஐயர் கண்ணை மூடிக்கொண்டு, அதுவரை வாசிக்காத வாசிப்பெல்லாம் வாசித்தார். பெரியப்பா கண்ணில் ஜலம். வெளியே வந்ததும் ஐயர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஸ்டர், உங்க பிள்ளை இன்னிக்கு என்னைக் காப்பாத்திட்டான்" என்றார்.

நீ பக்கத்தில் இருந்தால் மற்றவன் நன்றாய் வாசிப்பான். அதுதான் உன் விசேஷம். பாஸ்கோல் பத்துப் பேரைத் தூக்கி நிறுத்துவான், ஆனால் யாருக்காகவும் தன் நாலு அடியை மாற்றமாட்டான். ஐயர் தன் தயக்கத்திலேயே மூழ்கிப்போவார், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. நீ அடுத்தவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று கேட்டு, அவன் காலடிக்குத் தரை போடுகிறவன். இந்தக் கதையைக் கடைக்கு வந்தவர்கள் போனவர்கள் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். பாஸ்கோலிடமும் சொன்னேன். அவன் மட்டும் சிரிக்கவில்லை. "அச்சா கியா. லேகின் மாஸ்டர், ரோஜ் ரோஜ் நஹீ" என்றான். ஒரு நாளைக்குச் சரி, தினம் தினம் கூடாது என்று அர்த்தம். ஏனப்பா என்றேன். விட்டுவிட்ட கம்பியையெல்லாம் கை மறந்துபோகும் என்றான். கோவாக்காரனுக்குப் பொறாமை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

உன் அம்மாவைச் சிவ்ரி கல்லறையில் வைத்துவிட்டு வந்த நாட்களை யோசித்துப் பார்க்கிறேன். குழிக்கு மண் போடும்போது நீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். உன் இடது கை விரல்நுனி நாலும் காய்த்துப்போய், ஊசி தள்ளித் தள்ளி மரத்துப்போன என் நடுவிரல் மாதிரியே இருந்தது. அந்த நேரத்திலும் எனக்கு அது ஆறுதலாய் இருந்தது, இவனும் நம்மைப்போல் தொழில்காரன்தான் என்று. பிறகு மழை விடும்வரை என்னோடு இருந்தாயே, ஒரு நாளாவது கிடாரை எடுத்தாயா? ஆணியில் உறையோடு தொங்கியது. எடுக்கலையாலே என்று நான் கேட்டதற்கு, "இப்ப எதுக்குப்பா சத்தம்" என்றாய். உனக்குத் துக்கம், அதனால் எடுக்கவில்லை என்று நான் நினைத்தேன். எனக்குத் தொந்தரவாய் இருக்கும் என்று நீ நினைத்திருக்கிறாய். எனக்கோ அதைக் கேட்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாய் இருந்தது, துக்க வீட்டில் வாசிக்கச் சொன்னால் பிள்ளை என்ன நினைப்பானோ என்று வாயை மூடிக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரு அறைக்குள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டு ஊமையாய் இருந்திருக்கிறோம்.

இப்போது உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். கிடாரை விற்றுவிட்டுக் கடையில் உட்காருகிறேன் என்று ஒரே வரியில், பக்கத்துத் தெருவுக்குப் போய் வருகிறேன் என்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். கல்கத்தாவில் இருந்துகொண்டே என் பக்கம் காதைச் சாய்த்திருக்கிறாய், ஐயா. நான் எந்தக் கட்டையில் முனகுகிறேன் என்று கேட்டுவிட்டாய். அதற்கு ஒத்துவராத கம்பியையெல்லாம் இப்போதே விட ஆரம்பித்துவிட்டாய். நீ வந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு அப்படியே தெரிகிறது. நீ முகம் சுளிக்கமாட்டாய். நான் உரக்கச் சொல்கிற அளவையெல்லாம் எழுதிக்கொள்வாய். என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவாய். கோயிலில் எல்லாரும் மெச்சுவார்கள். நான் நன்றாய் இருப்பேன், செல்லத்துரை, ரொம்ப நன்றாய் இருப்பேன். நீ பக்கத்தில் இருந்தால் யாருமே நன்றாய்த்தானே இருப்பார்கள். உனக்கு ஏதோ குறை என்று ஒருவருக்கும் தெரியாது, கொஞ்ச நாளில் உனக்கே தெரியாமல் போகும். உனக்கு அது முடியாது என்றால் நான் பயப்படமாட்டேன். உன்னால் முடியும். அதற்குத்தான் பயப்படுகிறேன்.

உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? நேற்றும் முந்தாநாளும் "வா" என்றுதான் எழுதினேன். எழுதிக் கிழித்தேன். எனக்குத் தனிமை தாங்கவில்லை. சாப்பாடு, துணிமணி ஒன்றுக்கும் குறைவில்லை, ஒரு மனுஷக் குரல்தான் வேண்டும். "ஏல, சோறு ஆறுதுல" என்று உன்னை அம்மா கூப்பிடுவாளே, அந்த மாதிரி ஒரு சத்தம் இந்த அறையில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! உன்னை வரச் சொல்ல எனக்குக் கொள்ளை ஆசை. அந்த ஆசை சாகிறவரை இருக்கும், அதைப் பற்றி நீ ஒன்றும் செய்ய வேண்டாம். என் தனிமை எனக்கு வந்த வேலை, நான்தான் தைத்து முடிக்க வேண்டும். உன் வேலை கப்பலில் இருக்கிறது. கப்பலில் ஏறு. அங்கே போய் உன்னைப்போலவே காது இருக்கிற ஆட்களோடு வாசி. நீ அவர்களுக்குத் தரை போடு, அவர்களும் உனக்குப் போடட்டும். ஆறு கம்பியையும் தொட்டு வாசி. வெள்ளைக்காரன் போய்விட்டான், மதுவிலக்கு வருகிறது, இங்கே ஓட்டல் பேண்டுக்கெல்லாம் இனி என்ன கதியோ என்று பாஸ்கோலே புலம்புகிறான். இரண்டு வருஷம் கழித்து என்ன என்று கேட்காதே, அது அப்போதைக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாமல் கேள். வீட்டுக்கு வராதே. ரயிலில் வந்து இறங்கும்போது பாஸ்கோல் ஸ்டேஷனில் நிற்பான், நான் பேசி வைக்கிறேன். அவனோடு தோபி தலாவ் போய் அவன் அறையில் தங்கிக்கொள். உனக்கு ஒரு கோட்டு தைத்து அவனிடம் கொடுத்துவிடுவேன். உள்பக்கம் பிடிக்கவோ பிரித்துவிடவோ கொஞ்சம் துணி விட்டுத் தைப்பேன், நீ இளைத்தாயோ பருத்தாயோ எனக்குத் தெரியாது. மறுநாள் நேரே துறைமுகம் போய்விடு. என் முகத்தைப் பார்த்து முடிவு பண்ணுவதாக எழுதினாயே, இந்த முகம் பொய் சொல்லிப் பழகவில்லை. வாசலில் உன்னைக் கண்டதும் அது சொல்லக்கூடாததையெல்லாம் சொல்லிவிடும், நீயும் கேட்டுவிடுவாய்.

நம் வீட்டில் யார் கடல் தாண்டிப் போனாலும், வெளியூர் போனாலும், முழங்கால்படியிட வைத்துத் தலையில் கையை வைத்து ஜெபம் பண்ணாமல் அனுப்பியது கிடையாது. நீ முதலில் கல்கத்தா போனபோது அம்மா பண்ணினாள், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்ஸி பார்க்கப் போய்விட்டேன். அம்மா போனபிறகு நீ திரும்பிப் போன அன்று போதகரை வைத்துச் சமாளித்தேன். இந்தத் தடவை பண்ண வேண்டியவன் நான்தான். அதற்காக ஒரு எட்டு வந்துவிட்டுப் போகிறேனே என்று நீ கேட்பாய், உன்னை எனக்குத் தெரியும். வேண்டாம் ராசா. கப்பல் கிளம்புகிற நேரம் பாஸ்கோலிடம் கேட்டு வைத்துக்கொள்வேன். அந்த நேரம் கடையைச் சாத்திவிட்டு நான் இங்கே முழங்காலில் இருப்பேன். என் ஜெபம் துறைமுகம்வரைக்கும் வரும், அதற்கு அப்பாலும் வரும். உன் தலையில் கையை வைத்தேனானால், ஆமென் சொன்னபிறகு அதை எடுக்க என்னால் ஆகாது.

உன் அப்பா